இரட்டை மேற்கோளுக்குள் ஒரு டாலர்

பத்து ஐம்பத்தெட்டுக்கு உதவி கேட்டு அந்த டிக்கெட் என் திரையில் வந்து விழுந்தபோது என்ன எழுதியிருக்கிறது என்பதைத்தான் பார்த்தேன், யார் எழுதியது என்று பார்க்கவில்லை. கையால் பாஸ்வேர்டு அடித்தால் கிளைக் கம்ப்யூட்டருக்குள் நுழைய முடிகிறது, பரிசோதனை முடிவுகளைத் தானாக எடுத்துவரும் ஸ்கிரிப்ட் போய்க் கேட்டால் அனுமதி இல்லை என்கிறது, பத்தொன்பது கிளைகளிலும் இதே நிலைமை, மிக அவசரம். எல்லோருக்கும் அவசரம்தான். பாளையங்கோட்டையில் இந்த இரண்டாம் மாடியில் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு மூன்று வருஷமாக ஊர்பேர் தெரியாதவர்களின் அவசரங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இரண்டு கேள்வி கேட்டால் முக்கால்வாசி அவசரம் அடங்கிவிடும், அதனால் பதற்றமில்லாமல்தான் அழைப்பை எடுத்தேன். 'வணக்கம், பெனிட்டா பேசுறேன், சொல்லுங்க.' அந்தப் பக்கம் ஒரு ஆண் குரல். 'எந்த பெனிட்டா?' அந்த 'எந்த'வை ஒரு இழுப்பு இழுத்ததே, அதைக் கேட்டதும் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. எட்டு வருஷம் என் நாற்காலிக்குப் பின்னாலிருந்து கேட்ட இழுப்பு அது. 'தூத்துக்குடி பெனிட்டாதான் சார். உங்ககிட்ட வேலை பார்த்தவ.' 'அடடே, நீயாம்மா? நல்லா இருக்கியா? நல்லவேளை நீயே கிடைச்ச, உனக்கு இந்த ஸ்கிரிப்ட் தெரியும்லா.' நல்லா இருக்கேன் சார் என்று என் நாக்கு சொல்லிவிட்டது. அதற்கு வெட்கம் கிடையாது. சபேசன் சார். ரத்தப் பரிசோதனை நிலையங்கள் நடத்தும் அந்த நிறுவனத்தின் கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவர், அன்றைக்கும் அவர்தான், இன்றைக்கும் அவர்தான். நான்கு வருஷத்துக்கு முன்னால் என்னை அங்கிருந்து துரத்தினார்கள், ஒரு பெண்ணின் சாவுக்குக் காரணம் என்று சொல்லித் துரத்தினார்கள், இவர் விசாரணை நடந்த அறையில் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அந்தப் பிஸ்கட்டுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது, நடுவில் க்ரீம் வைத்தது, பிரித்து நக்கித் தின்றார்.

அவருடைய திரை என் திரையில் விரிந்தது. இந்த அழைப்பு முழுவதும் பதிவு செய்யப்படும் என்று எங்கள் வழக்கப்படி ஒரு பெண் குரல் இரண்டு பேருக்கும் சொல்லி முடித்தது. அதே கறுப்பு ஜன்னல், அதே பச்சை எழுத்து, கண் தெரியாதவருக்கு வைத்த மாதிரி பெரிதாக. ஆட்காட்டி விரல் ஒன்றால் மட்டும் தட்டுவார், ஒவ்வொரு எழுத்தும் யோசித்து யோசித்து வந்து விழுகிறது, நடுவில் இருமல், அவருடைய இன்னொரு போன் விடாமல் அடித்துக்கொண்டே இருக்கிறது, கிளைகளிலிருந்துதான், வேறு யார். இவரை நான் எத்தனை விதமாகக் கொன்றிருக்கிறேன். பழைய பஸ் ஸ்டாண்டில் எல்லோர் முன்னாலும் செருப்பால் அடித்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கவைத்து ரிப்போர்ட் வரவில்லை ரிப்போர்ட் வரவில்லை என்று நர்சுகள் ஓடுவதை அவர் பார்க்கும்படி செய்திருக்கிறேன், பாத்திரம் தேய்க்கும்போது, பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது, பூசையில் முழங்காலில் நிற்கும்போதுகூட. 'கையால ஒருக்க நுழைஞ்சு காட்டுங்க சார்.' அடித்தார், கிளையின் கம்ப்யூட்டர் வாங்க என்று கதவைத் திறந்தது. 'வெளியே வந்துட்டு இப்ப ஸ்கிரிப்டை ஓட்டுங்க, அந்த ஒரு கிளைக்கு மட்டும்.' அனுமதி மறுக்கப்பட்டது. மூன்று தடவை தப்பானால் கிளை ஒரு மணி நேரத்துக்குப் பூட்டிக்கொள்ளும், அது நான் இருந்த காலத்தில் போட்ட ஏற்பாடு, இன்னும் அப்படியேதான் வைத்திருக்கிறார்கள். 'இன்னைக்கு பாஸ்வேர்டு மாத்துனீங்களா?' 'காலையில மாத்துனேன். தொண்ணூறு நாளாச்சுல்லா.' 'ஸ்கிரிப்டுக்குள்ள புதுசை எழுதுனது?' 'நான்தான், வேற யாரு இருக்கா.' 'அந்த வரியைக் காட்டுங்க.' 'பாஸ்வேர்டு தெரிஞ்சிருமேம்மா.' 'வேலை முடிஞ்சதும் மாத்திக்கிடலாம் சார்.' ஸ்கிரிப்ட் எங்கே இருக்கிறது என்பதே மறந்துபோய் முதலில் அந்த ஃபோல்டரில் இருப்பதையெல்லாம் பட்டியல் போட்டார், யார் எழுதிய கோப்பு, என்ன தேதி, என்ன நேரம், வரிசையாக ஓடி நின்றது, பிறகு அந்த வரியைத் திறந்தார். அவர் மகள் பெயர், ஒரு டாலர் குறி, அவர் மாமனார் ஊர் பெயர். சுற்றிலும் இரட்டை மேற்கோள்.

பதினொன்று ஒன்பது. திரையின் மூலையில் மணி அதுதான், நான் பார்த்தேன், பார்த்தேன் என்பதைப் பிறகு நான் மறுக்க முடியாது. இதைவிடச் சின்னத் தப்பு இந்தத் தொழிலில் கிடையாது, சேர்ந்த முதல் மாதத்திலேயே எல்லோரும் ஒரு தடவை செய்து அசடு வழிந்துவிட்டுக் கற்றுக்கொள்வது. இரட்டை மேற்கோளுக்குள் டாலர் வந்தால் கம்ப்யூட்டர் அதை எழுத்தாக எடுத்துக்கொள்ளாது, அதற்குப் பின்னால் வருவதை ஏதோ ஒரு பெயர் என்று நினைத்து, அந்தப் பெயரில் என்ன வைத்திருக்கிறோம் என்று தேடிப் பார்க்கும், ஒன்றும் இல்லை என்றால் ஒன்றுமில்லாததையே அங்கே வைத்துவிடும். மாமனார் ஊர் அப்படியே காணாமல் போய்விடும், வெறும் மகள் பெயரை மட்டும் தூக்கிக்கொண்டு ஸ்கிரிப்ட் போய் வாசலில் நிற்கும், கிளை விரட்டிவிடும். கையால் அடிக்கும்போது முழுசாகப் போகிறது, அதனால் கதவு திறக்கிறது. அவ்வளவுதான். வாயைத் திறந்தேன், டாலர் என்று சொல்ல நாக்கு மேலே போய்விட்டது, அப்போது அந்தப் பட்டியல் மறுபடி கண்ணுக்குள் ஓடியது. கடைசியிலிருந்து நான்காவது கோப்பு. பழையது என்று பெயர் வைத்திருந்தார். ஜூலை பதினேழு. நான்கு வருஷத்துக்கு முந்தைய ஜூலை பதினேழு. வாயை மூடிக்கொண்டேன்.

அன்றைக்கு வியாழக்கிழமை. நான் எட்டு மணிக்குப் போய் உட்கார்ந்தேன், ஒன்பது மணிக்குக் கிளைகள் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டன, முடிவுகள் மேலே வரவில்லை, உள்ளே நுழையவும் முடியவில்லை, மூன்று தடவை தப்பாகப் போய் எல்லாம் பூட்டிக் கிடந்தது. சபேசன் சார் வந்து, நீ எழுந்திரு நான் பார்க்கிறேன் என்றார், எழுந்தேன், பன்னிரண்டரைக்கு வேறு பாஸ்வேர்டு போட்டார், ஓடியது. கோவில்பட்டிக் கிளையில் செண்பகவல்லி என்று ஒரு பெண்ணின் ரத்தம் எட்டே முக்காலுக்கே பரிசோதித்து முடிந்து கம்ப்யூட்டருக்குள் இருந்தது, பொட்டாசியம் ஆறரையைத் தாண்டி, இதயத்தையே நிறுத்திவிடும் அளவு, முப்பத்தெட்டு வயசு, சிறுநீரகம் கெட்டவள், அவளுடைய டாக்டர் வேறு ஆஸ்பத்திரியில் அந்த எண்ணுக்காகக் காத்திருந்தார், எண் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு நாற்பது, அவள் பன்னிரண்டு பத்துக்கே போய்விட்டாள். விசாரணையில் புது பாஸ்வேர்டை ஸ்கிரிப்டில் எழுதியது யார் என்று கேட்டார்கள், பெனிட்டாதான் என்றார். நான் எழுதலை சார் என்றேன். எழுதுனது மறந்திருக்கும்மா, தொண்ணூறு நாளைக்கு ஒருக்க நீதானே எழுதுவ என்றார், எவ்வளவு அன்பாகச் சொன்னார். தானாக ஓடும் வேலைகள் எல்லாம் என் பெயரில்தான் பதிவாகியிருந்தன, காகிதத்தில் எங்கே பார்த்தாலும் நான்தான் இருந்தேன். முதல் நாள் நான் எழுதலை என்றேன், இரண்டாம் நாள் எழுதின மாதிரி ஞாபகம் இல்லை என்றேன், மூன்றாம் நாள் ராத்திரி வீட்டில் உட்கார்ந்து என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன், கடைசி ஐந்து வருஷம் தொண்ணூறு நாளைக்கு ஒரு தடவை எழுதிய விரல்கள், என்னைக் கேட்காமலே எழுதியிருக்கலாம், ஒரு எழுத்தைத் தவறவிட்டிருக்கலாம். ஐந்தாம் நாள் செண்பகவல்லியின் வீட்டுக்காரர் மந்திரமூர்த்தி ஆபீசுக்கு வந்தார், மில் ஃபிட்டர், சட்டையில் இன்னும் எண்ணெய்க் கறை, மொட்டையடித்த தலை. சபேசன் சார் கண்ணாடி அறைக்குள்ளிருந்து என் பக்கம் கையைக் காட்டினார். மந்திரமூர்த்தி வந்து என் முன்னால் நின்று, நீங்கதானாம்மா என்றார். ஆமா என்றேன். நானேதான் சொன்னேன், யாரும் என் வாயைப் பிடித்து இழுக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் போய் ஒரு பெண்ணைக் கொன்றுவிட்டேன் ஃபாதர் என்று அழுதேன், அவர் அது கவனக்குறைவு, கொலை இல்லை என்று சொல்லி ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலை சொல்லச் சொன்னார், சொன்னேன், இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன். யாருடைய பாவத்துக்கு?

'என்னம்மா, லைன்ல இருக்கியா?' 'இருக்கேன் சார். ஒப்பிட்டுப் பார்க்கணும், அந்தப் பழைய ஃபைலைக் கொஞ்சம் திறங்க.' 'அது எதுக்கு, அது எப்பவோ உள்ளது. புது சர்வருக்கு மாத்தும்போது ஃபோல்டரோட வந்துருக்கு.' 'வேணும் சார்.' நான் அதட்டவில்லை, அவர் என்னிடம் பேசுவாரே அந்த மாதிரித்தான் பேசினேன், பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி. அவருடைய இன்னொரு போன் மறுபடி அடித்தது, நின்றது, உடனே அடித்தது, அந்த மணியை நான் கேட்டேன், அதற்குப் பின்னால் ஒரு கிளை இருக்கிறது, கிளையின் பெஞ்சில் கையில் பஞ்சு ஒட்டிக்கொண்டு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள், எங்கோ ஒரு டாக்டர் ஒரு எண்ணுக்காகக் காத்திருக்கிறார். தெரியும். தெரிந்தும் டாலர் என்ற வார்த்தையைப் பல்லுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம், நான்கு வருஷத்துக்கு இது என்ன கணக்கு என்று ஒரு குரல், அந்த பெஞ்சில் இருப்பவளுக்கும் உன் நான்கு வருஷத்துக்கும் என்ன சம்பந்தம் என்று இன்னொரு குரல், இரண்டுமே என் குரல்தான். அவர் திறந்தார். மகள் பெயர், டாலர், மாமனார் ஊர், இரட்டை மேற்கோள். ஒரு எழுத்து மாறாமல் அதே பாஸ்வேர்டு. சிரிப்பு வந்தது, சத்தம் வராமல் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டேன்.

'இதைக் கடைசியா எழுதுனது யாருன்னு பட்டியல்ல என்ன போட்டிருக்கு சார்? வாசிங்க.' 'எதுக்கும்மா இதெல்லாம்?' 'வாசிங்க.' 'என் பேரு.' 'நேரம்?' 'ஆறு நாப்பத்திரண்டு.' 'காலையிலயா?' 'காலையில.' 'நான் எட்டு மணிக்குத்தான் சார் வருவேன்.'  பக்கத்து மேஜையில் யாரோ தயிர்சாத டப்பாவைத் திறந்து மூடினார்கள். 'பெனிட்டா,' என்றார், குரலில் இழுப்பு போயிருந்தது, 'நான் வேணும்னு செய்யல. சீக்கிரம் வந்தேன், சும்மா இருக்கோமேன்னு நானே மாத்துனேன். நான்தான் எழுதுனேங்கிறது மத்தியானம் ஞாபகம் வந்துச்சு. அதுக்குள்ள உன் பேரை மேல சொல்லிட்டேன்.' 'எதுனால ஓடலைன்னு அப்பவே தெரியுமா சார்?' 'தெரியாது. வேற பாஸ்வேர்டு போட்டேன், ஓடிருச்சு. ஏன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.' இதைத்தான், இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பொய் சொன்னதைக்கூட ஒரு மூலையில் வைத்துவிடலாம், பயத்தில் சொன்னார், நானும் பயத்தில்தான் ஆமா சொன்னேன். ஆனால் ஏன் என்று கேட்கவே இல்லையே மனுஷன். ஒருத்தி செத்திருக்கிறாள், ஒருத்தி வேலை போய் வீட்டில் விரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், இவர் ஒரு நாள் மத்தியானம் கூட உட்கார்ந்து அந்த வரியைப் பார்த்து ஏன் என்று கேட்கவில்லை, கேட்டிருந்தால் இன்றைக்கு அதே டாலரை அதே இடத்தில் போட்டிருப்பாரா? மறந்துபோய் அதையே தூசி தட்டி எடுத்து மறுபடி பூட்டியிருக்கிறார். இன்றைக்கு எத்தனை செண்பகவல்லியோ. அந்த நினைப்பு வந்ததும்தான் என் நாக்கு அவிழ்ந்தது. 'டபுள் கோட்டை எடுத்துட்டு சிங்கிள் கோட் போடுங்க.' 'என்னது?' 'பாஸ்வேர்டைச் சுத்தி இருக்கிற ரெட்டை மேற்கோளை எடுத்துட்டு ஒத்தை மேற்கோள் போடுங்க சார். பூட்டுன கிளையெல்லாம் திறந்துவிட்டுட்டு ஓட்டுங்க.' 'அவ்வளவுதானா?' 'அவ்வளவுதான்.' மணி பதினொன்று இருபது.

கிளைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன, விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டி, பச்சை எழுத்தில் பெயர்கள் மேலேறி ஓடின, இருநூற்றுச் சொச்சம் முடிவுகள். அவருடைய இன்னொரு போன் அடிப்பதை நிறுத்தியது. அவர் தொண்டையைச் செருமினார். 'டிக்கெட்ல அந்தப் பழைய ஃபைலைப் பத்தி எழுத வேண்டாம்மா. தை மாசம் பாப்பாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்ல எல்லாம் பெரிய ஆளுங்க. உனக்கு நான் வேணும்னா ஒரு லெட்டர் எழுதித் தர்றேன், நல்லா வேலை பார்த்தவன்னு.' யோசித்துத்தான் பேசுகிறார், எனக்கு என்ன கொடுத்தால் சரியாகும் என்று அவர் மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறார், ஒரு லெட்டர். நான் அழைப்பைத் துண்டித்தேன். முடிவு அறிக்கையில் எங்களுக்கு நான்கு கட்டங்கள் உண்டு. என்ன கோளாறு, என்ன காரணம், காரணம் தெரிந்த நேரம், யார் செய்த மாற்றம். இது அவர்களுடைய மேலிடத்துக்கும் போகும், எங்களுடையதுக்கும் போகும், கூடவே பதிவும் போகும். இரண்டு தேதிகளையும் எழுதினேன், ஜூலை பதினேழுக்குப் பக்கத்தில் ஆறு நாற்பத்திரண்டு, சபேசன் என்றும் எழுதினேன். காரணம் தெரிந்த நேரம் என்ற கட்டத்தில் பதினொன்று இருபது என்று அடித்தேன். அடித்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பதிவில் என் கண் என்ன பார்த்தது என்பது விழாது, யாருக்கும் தெரியப்போவதில்லை, பதினொரு நிமிஷம், யாரிடமிருந்தும் மறைக்கலாம். மறைத்தால் என்ன ஆகும்? என்றைக்காவது விவரம் தெரிந்த ஒருவன் பதிவை ஓட்டிப் பார்ப்பான், இந்த வரியைப் பார்த்ததுமே இவளுக்குத் தெரிந்திருக்குமே, இவள் எழுதியதே பொய் என்பான், பொய் என்று ஒரு வார்த்தை விழுந்தால் போதும், அந்த ஓட்டை வழியாக சபேசன் சார் குனிந்து வெளியே போய்விடுவார், பிஸ்கட் தின்றுகொண்டே போவார். விடமாட்டேன். ஒரு எறும்பு போகிற ஓட்டைகூட விடமாட்டேன். அழித்துவிட்டுப் பதினொன்று ஒன்பது என்று அடித்தேன். கீழே, பதினொன்று இருபது வரை நான் காரணத்தைச் சொல்லாமல் வைத்திருந்தேன், அது என் தவறு என்றும் அடித்தேன். நல்லவளாக இருப்பதற்காக அல்ல. அனுப்பினேன். இரண்டு நிமிஷத்தில் எங்கள் மேலாளர் கோமதிநாயகம் என் மேஜைக்கே வந்துவிட்டார். 'என்னம்மா இது, உன்னைப் பத்தி நீயே எழுதிருக்க? இதுக்கு வேலை போயிரும், தெரியும்லா?' 'தெரியும் சார்.' 'அழிச்சிட்டு வேற அனுப்பு, நான் பார்க்கலைன்னு வச்சுக்கிடுதேன்.' 'அது போய்ச் சேர்ந்துட்டு சார்.' அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மத்தியானத்துக்கு மேல பேசுவோம் என்று போனார்.

விசாரணைக் காகிதத்திலிருந்து குறித்து வைத்த மந்திரமூர்த்தியின் எண் என்னிடம் இருந்தது. நான்கு வருஷமாக ஒவ்வொரு ஜூலையிலும் எடுத்துப் பார்ப்பேன், கூப்பிடமாட்டேன், கூப்பிட்டு என்ன சொல்ல. இன்றைக்குப் படிக்கட்டில் போய் நின்று கூப்பிட்டேன். மில் சத்தத்துக்கு நடுவே எடுத்தார், இருங்க வெளிய வாரேன் என்றார், சத்தம் குறைந்தது. பெனிட்டா என்றேன், தெரியும்மா, உங்க நம்பரை நானும் போட்டு வச்சிருக்கேன் என்றார், எதற்காகப் போட்டு வைத்திருந்தார் என்று எனக்குப் புரிந்தது, நான் சபேசன் சாரை வைத்திருந்த மாதிரி இவர் என்னை வைத்திருந்திருக்கிறார், எத்தனை விதமாகவோ. காலையிலிருந்து நடந்ததைச் சொன்னேன், டாலரைச் சொல்லவில்லை, அது அவருக்கு எதற்கு, ஒரு ஆள் எழுதின ஒரு வரி தப்பு, அந்த ஆள் நான் இல்லை, அது இன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது என்று சொன்னேன்.  'அப்ப ஏம்மா அன்னைக்கு ஆமான்னீங்க?' 'நான்தான்னு நம்பிட்டேன் அண்ணாச்சி.' அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது, தள்ளி எங்கோ ஒரு லாரி பின்னால் வருகிறேன் பின்னால் வருகிறேன் என்று கத்தியது. 'நாலு வருசம் உங்களைத் திட்டாம நான் ஒரு வாய்ச் சோறு தின்னதில்ல. ஆளு பேரு என்ன?' 'சபேசன்.' 'இனிசியலோட சொல்லுங்க.' சொன்னேன். 'இப்ப எங்க இருக்காரு?' 'அதே ஆபீஸ்லதான். அஞ்சரை வரைக்கும் இருப்பாரு.' 'ரெண்டு மணிக்கு சிப்டு முடியுது. ரெண்டரைக்குப் பஸ் ஏறுனா நாலரைக்குத் தூத்துக்குடி. கைய வைக்க மாட்டேன், பயப்படாதீங்க. அந்த ஆளு எம் மூஞ்சிக்கு நேரா நின்னு அவ பேரைச் சொல்லி, நான்தான்னு சொல்லணும். அவ்வளவுதான் எனக்கு.' வாங்க அண்ணாச்சி, தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டுல நிக்கேன், நானும் கூட வாரேன் என்றேன்.